முயலை மல்லாத்தாதீர்கள்: வீட்டில் முயல் வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்



குழந்தை ஆசைப்பட்டுக் கேட்டதே என்று ஒரு ஜோடி வாங்கி வந்தவர்கள் நீங்கள். பால்கனியில் கூண்டு வைத்து, காலையிலும் மாலையிலும் கீரைக்கட்டை அவிழ்த்துப் போட்டு, அது மென்று தின்னும் அழகைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பவர்கள். பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகும், முயலை யாருக்கும் கொடுத்துவிட மனம் வராமல் வைத்திருப்பவர்களும் உங்களில் உண்டு. உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அன்பை நம்பித்தான் இதை எழுதுகிறேன். நகம் வெட்டும் நாளில் உங்கள் வீட்டில் நடப்பதைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது.

நடப்பது இதுதான். ஒருவர் கூண்டுக்குள் கையை விட்டுப் பிடரியையோ காதையோ பற்றி முயலை வெளியே இழுக்கிறார். இன்னொருவர் அதை மடியில் மல்லாக்கப் போட்டு நெஞ்சை அழுத்திப் பிடிக்கிறார். அது இரண்டு முறை உதறிப் பார்க்கிறது. பிறகு சட்டென்று அடங்கிவிடுகிறது. நான்கு கால்களும் மேலே தூக்கியபடி அசையாமல் கிடக்கிறது. “பாரேன், எவ்வளவு சமர்த்தாத் தூங்குது” என்கிறார்கள். யாரோ செல்போனில் படம் பிடிக்கிறார்கள். எல்லா நகங்களும் ஒரே மூச்சில் வெட்டி முடிகின்றன. அந்த வீடியோ குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. பார்த்தவர்கள் தங்கள் வீட்டு முயலையும் அப்படியே மல்லாத்துகிறார்கள்.

அந்த முயல் தூங்கவில்லை. செத்ததுபோல் கிடக்கிறது. ஓட வழியில்லாமல் வேட்டை விலங்கின் பிடியில் சிக்கிக்கொண்ட முயலுக்கு மிச்சமிருக்கும் கடைசித் தற்காப்பு அது. அசையாமல் கிடந்தால் பிடித்த விலங்கு பிடியைத் தளர்த்தக்கூடும், அந்த ஒரு நொடியில் தப்பி ஓடிவிடலாம் என்பது அதன் பரம்பரைக்குள் ஊறிப்போன கணக்கு. பூனையிடமும் நரியிடமும் கீரியிடமும் செல்லுபடியாக வேண்டிய அந்தக் கணக்கை அது உங்கள் மடியில் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அதற்கு நீங்கள் யார் என்பதை யோசித்துப் பாருங்கள். தினமும் கீரை போடும் கை என்று அது உங்களை நினைக்கவில்லை.

மல்லாத்தினால் முயல் மயங்கிச் சொக்கிவிடும், அது அதற்குச் சுகம் என்று நெடுங்காலமாகப் பலர் நம்பினார்கள். மேலை நாடுகளில் முயல் வளர்ப்பவர்களும் இதை ஒரு வித்தையாகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். 2006ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முயல்களின் உடல் காட்டிய குறிகளும், விடுபட்ட பிறகு அவை நடந்துகொண்ட விதமும் சொன்னது ஒன்றுதான்: அது சொக்குதல் கிடையாது, பயம். அதன் பிறகு முயல் நலனில் அக்கறையுள்ள மருத்துவர்கள் இந்த முறையை வீட்டில் செய்ய வேண்டாம் என்றே சொல்லிவருகிறார்கள். ஆனாலும் நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்ததெல்லாம் வீடியோதான்.

பயம்தானே, ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று நீங்கள் சொல்லலாம். தீராத ஒன்றும் இதில் இருக்கிறது. முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம்தான். பூனைக்கு அது 12 முதல் 13 சதவீதம். இவ்வளவு மெல்லிய எலும்போடு அதற்கு வாய்த்திருப்பது, ஒரே உதையில் உடம்பையே தூக்கி எறியும் வலிமையுள்ள பின்னங்கால்கள். தரையில் இருக்கும்போது அந்த உதையின் வேகம் ஓட்டமாக மாறிவிடுகிறது. உங்கள் பிடியில் மல்லாந்து கிடக்கும்போதோ, உடல் பிடிபட்டிருக்க, பின்னங்கால் மட்டும் அந்தரத்தில் உதைக்கிறது. அந்த வேகம் முழுவதும் இடுப்புக்கு அருகில் முதுகெலும்பின் மீது இறங்குகிறது. செத்ததுபோல் கிடந்த முயல் எந்த நொடியில் விழித்து உதறும் என்று யாருக்கும் தெரியாது. கூடத்துக் கதவு அறைபட்டால் போதும். மிக்ஸி ஓடினால் போதும்.

முதுகெலும்பு முறிந்த முயலால் பின்னங்கால்களை அசைக்க முடியாது. சிறுநீரையும் அடக்க முடியாமல் போகும். பல சமயம் மருத்துவர் செய்யக்கூடியது எதுவும் மிஞ்சுவதில்லை. யாரும் அடிக்கவில்லை, மாடியிலிருந்து தூக்கிப் போடவில்லை. நகம் வெட்டினோம், அவ்வளவுதான் என்று அழுபவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? முறித்தது அதன் கால்களேதான், ஆனால் அப்படி உதைக்க வைத்தது நம் பிடி என்று அந்த வேளையில் எப்படிச் சொல்வது? அதனால்தான் அந்த வேளை வருவதற்கு முன்பே உங்களிடம் சொல்கிறேன்.

உங்களில் இன்னொரு சாராரிடமும் எனக்குக் குறை உண்டு. முயல் உதைக்கிறது, பிறாண்டுகிறது, ரத்தம் வந்தால் என்ன செய்வது என்று பயந்து, நகத்தைத் தொடாமலே விட்டுவிடுகிறவர்கள் நீங்கள். காட்டில் யார் வெட்டிவிடுகிறார்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதிலையும் கேளுங்கள்.

நீங்கள் வளர்ப்பது நம் வயல்வெளிகளில் துள்ளி ஓடுகிற காட்டு முயல் கிடையாது. அது வேறு இனம், வளை தோண்டாது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். உங்கள் வீட்டில் இருப்பதன் முன்னோர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். மண்ணைத் தோண்டிச் சுரங்கம்போல் வளை அமைத்துக் கூட்டமாக வாழ்ந்தவர்கள். மண்ணையும் கல்லையும் தோண்டியதில் அவற்றின் நகம் தேய்ந்தது. உங்கள் வீட்டில் தோண்ட என்ன இருக்கிறது? வழவழப்பான டைல்ஸ் தரையும், கூண்டுக் கம்பியும்தானே? நகம் வளர்வது மட்டும் நிற்கவே இல்லை.

நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோல் முயலின் பாதத்தில் மெத்தென்ற சதைத்திட்டு கிடையாது. அடிப்பாதம் முழுவதும் ரோமம்தான். மண்ணில் நகத்தை ஊன்றி, ரோமத்தில் மிதித்து நடக்கப் படைக்கப்பட்ட கால் அது. டைல்ஸ் தரையில் நீண்ட நகம் ஊன்றாது. விரலை மேல்நோக்கித் தள்ளும். விரலில் இறங்க வேண்டிய பாரம் குதிகாலுக்குப் போகும். நாளடைவில் குதிகாலின் ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகும். கம்பித் தரைக் கூண்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம் புண்ணாகும். முயல் முன்போல ஓடுவதில்லை, வயதாகிவிட்டது என்று நினைப்பீர்கள். அதற்குக் கால் வலிக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. வலியை வெளியே காட்டினால் வேட்டையாடும் விலங்குக்கு இரையாகிவிடுவோம் என்று அடக்கிக்கொண்டே பழகிய சாதி அது.

முன்னங்காலின் உட்பக்கத்தில், மற்ற நகங்களுக்குச் சற்று மேலே, ரோமத்துக்குள் ஒளிந்து ஒரு நகம் இருக்கிறது. அது தரையைத் தொடுவதே இல்லை. அதனால் தேய்வதும் இல்லை. விட்டால் வளைந்து வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். அப்படி ஒரு நகம் இருப்பதே உங்களில் பலருக்குத் தெரியாது. முன்னங்கால் ஒவ்வொன்றிலும் அதையும் சேர்த்து ஐந்து, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக மொத்தம் 18 நகங்கள். இன்றைக்கே ஒரு முறை எண்ணிப் பாருங்கள். நீண்ட நகம் துண்டிலோ மிதியடியிலோ கூண்டுக் கம்பியிலோ மாட்டிக்கொண்டு, முயல் இழுத்த இழுப்பில் வேரோடு பிடுங்கிக்கொள்வதும் உண்டு. வெட்டப் பயந்து தவிர்த்த ரத்தத்தைவிட அது கொடுமையானது.

மல்லாத்தி வெட்டாதீர்கள் என்கிறாய், வெட்டாமலும் இருக்காதீர்கள் என்கிறாய், பின்னே எப்படித்தான் வெட்டுவது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் குறை மட்டும் சொல்லிப் போனால் இந்த மடலுக்கு அர்த்தம் இல்லை.

நம் வீட்டுக் குழந்தைக்குக் காது குத்துகிற விதத்தை நினைத்துப் பாருங்கள். யாரும் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து அமுக்குவதில்லை. தெரிந்த மடியில், மாமன் மடியில், உட்கார வைக்கிறோம். வாயில் சர்க்கரையோ வாழைப்பழமோ வைக்கிறோம். கண்ணிமைக்கும் நேரத்தில் வேலையை முடிக்கிறோம். முயலுக்கும் வேண்டியது அதே மூன்றுதான்: தெரிந்த இடம், வாயில் பிடித்த தீனி, சுருக்கமான வேலை.

முதலில் இடம். முயலைத் தூக்கி மேசையில் வைக்காதீர்கள். நீங்கள் தரைக்கு இறங்குங்கள். பாய் விரித்துச் சம்மணமிட்டு உட்காருவது நமக்குப் புதிதில்லை. வழுக்காத பாய் அல்லது தடித்த துண்டு போதும். முயல் எப்போதும் நடமாடும் அறையிலேயே, அதன் நான்கு கால்களும் தரையில் இருக்கும்போதே வேலை நடக்க வேண்டும். விழ இடமில்லாத விலங்குக்கு விழுகிற பயமும் இல்லை. நீங்கள் அதைத் துரத்திப் பிடிக்காமல், அதுவாக வந்து உங்கள் தொடையை முகர்ந்து பார்க்கும்வரை சும்மா உட்கார்ந்திருங்கள்.

அடுத்தது நேரம். முயல் விடியலிலும் அந்தியிலும் துறுதுறுப்பாக ஓடும். அதற்கு நடுவே ஓய்வெடுக்கும். அந்த ஓய்வு நேரத்தில் வெட்டுவதே எளிது. ஆனால் நம் ஊர் வெயிலை மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் சில அரசு ஆராய்ச்சி நிலையங்கள் முயலை வளர்ப்பது எங்கே தெரியுமா? ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவிலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும். இரண்டுமே குளிர்ந்த மலைப்பகுதிகள். முயலுக்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணியாது. பெரும்பாலும் காதுகளின் வழியாகத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. 30 டிகிரிக்கு மேல் வெயில் ஏறினாலே அதற்குத் தடுமாற்றம் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசி மதியத்தில் அதைத் துண்டில் சுருட்டிப் பிடித்து நகம் வெட்டுவது உயிருக்கே உலை. கோடையில் காலை வெயில் ஏறுவதற்கு முன், மின்விசிறி ஓடும் அறையில் வெட்டுங்கள். குக்கர் விசிலும் மிக்ஸிச் சத்தமும் ஓய்ந்த நேரமாகப் பாருங்கள். பட்டாசு வெடிக்கும் தீபாவளி வாரத்தில் நகவெட்டியை எடுக்கவே வேண்டாம்.

நகவெட்டியைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பாதத்தைத் தொடப் பழக்குங்கள். முயலுக்கு நெற்றியை வருடினால் பிடிக்கும். கன்னத்தைத் தடவினால் பிடிக்கும். பாதத்தைத் தொட்டால் பிடிக்காது. ஆகவே நெற்றியில் தொடங்குங்கள். வருடிக்கொண்டே ஒரு முறை தோளைத் தொடுங்கள். சில நாள் கழித்து முன்னங்காலைத் தொட்டுவிட்டு ஒரு கொத்தமல்லிக் கொத்தைக் கொடுங்கள். பிறகு பாதத்தை ஒரு விநாடி பிடித்து விடுங்கள், மறுபடி கொத்தமல்லி. அது காலை உருவிக்கொண்டால் உடனே விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்தால் உருவ வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். விட்டுவிட்டால் உருவத் தேவையில்லை என்று கற்றுக்கொள்ளும். நகவெட்டியையும் பக்கத்திலேயே தரையில் போட்டுவையுங்கள். அது முகர்ந்து பார்க்கட்டும். வெட்டுகிற ‘டிக்’ சத்தத்தை வெறுமனே கேட்கட்டும். இதற்குச் சில வாரம் ஆகலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் உங்களோடு வாழப்போகிற பிராணிக்கு நீங்கள் கொடுக்கிற சில வாரம் அது.

கருவி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நாம் விரலுக்குப் பயன்படுத்துகிற நகவெட்டி தட்டையான நகத்துக்கானது. முயலின் நகமோ உருண்டு வளைந்தது. அதில் சிக்கினால் நசுங்கிப் பிளக்கும். பூனைக்கு நகம் வெட்டவென்றே கத்தரிக்கோல் வடிவில், வாய்ப்பகுதியில் சிறு பிறைபோல் குழிந்த நகவெட்டி செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அது கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கியதை முயலிடம் கொண்டுபோகாதீர்கள்.

இனி வெட்டும் முறை. முயலை உங்கள் பக்கவாட்டில், அதன் விலா உங்கள் தொடையில் ஒட்டியிருக்குமாறு உட்கார வையுங்கள். ஒரு கையால் அதை மெல்ல அணைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அதன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து கொத்தமல்லியோ அருகம்புல்லோ ஊட்டட்டும். முன்னங்காலைக் கொஞ்சமாக முன்னால் தூக்குங்கள், பக்கவாட்டில் முறுக்காதீர்கள். ரோமத்தை விரலால் விலக்கினால் நகம் தெரியும். வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அதுதான் ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள சதை. அந்தச் சிவப்பு முடிகிற இடத்திலிருந்து 2 அல்லது 3 மில்லிமீட்டர் தள்ளி வெட்டினால் வலியே இருக்காது. கறுத்த நகமாக இருந்தால் செல்போன் டார்ச்சை நகத்துக்குப் பின்னால் பிடியுங்கள். சதை முடியும் இடம் நிழலாகத் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் கொக்கிபோல் வளைந்திருக்கும் நுனியை மட்டும் எடுங்கள். குறைத்து வெட்டுவதில் தவறே இல்லை. அடிக்கடி நுனி எடுத்துவந்தால் உள்ளிருக்கும் சதையும் மெல்லப் பின்வாங்கும்.

பின்னங்காலை வெளியே இழுக்கவே கூடாது. முயல் குந்தியிருக்கும் நிலையிலேயே, விரல்களை மட்டும் தரையிலிருந்து லேசாக உயர்த்தி நுனியை எடுங்கள். காலை நீட்டி இழுத்த கணத்தில்தான் அது உதைக்கும். உதைத்தால் நான் முன்பு சொன்ன முதுகெலும்பை நினைத்துக்கொண்டு, பிடித்ததை விட்டுவிடுங்கள். நகம் நாளைக்கும் இருக்கும்.

சில முயல்கள் என்ன செய்தாலும் துள்ளும். அவற்றுக்குத் துண்டு உதவும். பருத்தித் துண்டை விரித்து முயலை நடுவில் உட்காரவைத்து, இரு பக்கமும் மடித்து உடலோடு சேர்த்துவிடுங்கள். தலை வெளியே இருக்கட்டும். முதுகு மேலேயும் வயிறு கீழேயும் இருக்கிற இயல்பான நிலையிலேயே இருக்கட்டும். வேண்டிய பாதத்தை மட்டும் வெளியே எடுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், சில நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு கையை நெஞ்சுக்குக் கீழும் மறு கையைப் பிட்டத்துக்குக் கீழும் கொடுத்து, உங்கள் மார்போடு ஒட்டி அணைத்துத் தூக்குங்கள். காதைப் பிடித்துத் தூக்குவதை உங்கள் வீட்டிலும் நிறுத்துங்கள். கடையில் கண்டாலும் தட்டிக் கேளுங்கள். தேவையற்ற வலி தரும்படி ஒரு விலங்கைத் தூக்கிச் செல்வது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

இதில் முக்கியமானது, ஒரு நாளைக்கு ஒரு நகம் வெட்டினால் போதும் என்பது. அதற்கெல்லாம் நேரமில்லை என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். முயலுக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை நகம் வெட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் 18 நாளில் எல்லாம் முடியும். அதன் பிறகு பத்து நாளாவது ஓய்வு கிடைக்கும். ஒரு நகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கீரை போடப் போகும்போதே முடிந்துவிடும். ஐந்து பேர் சேர்ந்து துரத்தி, பிடித்து, அமுக்கி, கையெல்லாம் பிறாண்டல் வாங்கி, பிறகு இரண்டு நாள் முயல் உங்களைக் கண்டாலே மூலையில் பதுங்குவதைப் பார்த்து வருந்துகிற நேரத்தைவிட இது மிகக் குறைவு.

ரத்தம் வந்துவிட்டால்? எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் வரக்கூடும். பதறாதீர்கள், உங்கள் பதற்றம்தான் முயலை முதலில் தொற்றும். சுத்தமான பஞ்சையோ துணியையோ நகத்தின் நுனியில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். கொஞ்சம் கார்ன்ஃப்ளார் மாவையோ மைதாவையோ நுனியில் ஒற்றி அழுத்துங்கள். ரத்தம் நிறுத்தவென்றே விற்கும் ஸ்டிப்டிக் பவுடர் வைத்திருந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்றுவிடும். கால் மணி நேரம் கடந்தும் நிற்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். நம் வீட்டுப் பழக்கத்தில் காப்பித்தூளை அப்பிவிடாதீர்கள். முயல் தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. காப்பியில் உள்ள காஃபீன் அதற்கு நஞ்சு. டெட்டாலும் வேண்டாம்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதை முயலே சொல்லும். கண்ணின் வெள்ளை தெரிய விழித்தால், காதுகளை முதுகோடு ஒட்டிக்கொண்டு உடலை இறுக்கினால், மூச்சு படபடத்தால், பின்னங்காலால் தரையை ஓங்கி அறைந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். எழுந்து கீரையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள். வெட்டி முடித்த பிறகும் ஒரு கண் வைத்திருங்கள். முயலின் குடல் இயக்கம் நிற்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெரும் பயமும் வலியும் அதை நிறுத்திவிடக் கூடும். அரை நாளாகத் தீனி எடுக்காமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மருத்துவரைச் சொன்னதும் இன்னொன்று. கை நடுங்குகிறது, கண் சரியாகத் தெரியவில்லை, முயல் கடிக்கிறது என்றால் அவரையே வெட்டச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. மற்ற ஊர்களிலும் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. வெயில் தாழ்ந்த நேரத்தில், காற்றோட்டமான பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். அங்கே நாய்கள் குரைக்கும் இடத்திலிருந்து தள்ளி உட்காருங்கள். மல்லாத்தாமல் வெட்ட முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். எப்படி வெட்டுகிறார் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த முறை நீங்களே வெட்டலாம்.

பெற்றோராக இருக்கும் உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. முயலை வாங்கியது பிள்ளைக்காக. ஆனால் முயலைத் தூக்கவும் நகம் வெட்டவும் பிள்ளையிடம் விடாதீர்கள். அது பெரியவர்கள் வேலை. பிள்ளைக்கு வேறு வேலை கொடுங்கள். கொத்தமல்லியை நீட்டும் வேலை அதனுடையது. எந்த நகம் ஆயிற்று, எந்த நகம் பாக்கி என்று காலண்டரில் குறித்துவைக்கும் வேலை அதனுடையது. முயல் பயப்படுகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையும் அதனுடையது. ஓர் உயிர் வேண்டாம் என்று உடம்பால் சொல்வதைப் படிக்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு மனிதர்களிடமும் அதைப் படிக்கும். வலுத்தவன் அமுக்கினால் இளைத்தது அடங்கும், அடங்கினால் சம்மதம் என்று கற்றுக்கொண்டு வளர்வதைவிட இது எவ்வளவு மேல்!

எங்கள் முயலுக்கு மல்லாந்து படுப்பது பிடிக்கும் என்று இன்னும் சொல்கிறவர்கள் உங்களில் இருக்கலாம். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் முயலைத் தரையில் விட்டுவிட்டு, தள்ளி உட்கார்ந்து பாருங்கள். உண்மையிலேயே நிம்மதியாக இருக்கும் முயல் தானாகவே பக்கவாட்டில் தொப்பென்று சாய்ந்து, பின்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொள்ளும். நெற்றியை வருடினால் பல்லை மெதுவாக நறநறக்கும். அந்தச் சாய்வை அதனிடம் யாரும் கட்டாயப்படுத்தி வாங்கவில்லை. எந்த நேரமும் எழுந்து ஓடலாம் என்று தெரிந்தே படுத்திருக்கிறது. அமைதி என்றால் அதுதான். நகம் வெட்டும்போதும் அந்த அமைதியை முடிந்த அளவு விட்டுவையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

உங்களிடம் நான் கேட்பது நான்கு. முயலை இனி எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் மல்லாத்தாதீர்கள். மல்லாந்து கிடக்கும் முயலின் வீடியோ வந்தால் அதை மேலே அனுப்பாமல், அனுப்பியவருக்கு இந்த விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள். பயத்தால் நகத்தை விட்டுவைத்திருப்பவர்கள் இனியும் விட்டுவைக்காதீர்கள். இன்று மாலை தீனி போடும்போது தரையில் உட்கார்ந்து அதன் முன்னங்காலை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். அது அனுமதித்தால் ஒரே ஒரு நகத்தின் நுனியை எடுங்கள், அனுமதிக்கவில்லை என்றால் கொத்தமல்லியைக் கொடுத்துவிட்டு நாளைக்கு மறுபடி உட்காருங்கள்.

இப்படிக்கு,
முயலோடு வாழும் உங்களில் ஒருத்தி